கோபால் போட்ட கையெழுத்து

பிப்ரவரி 20, வியாழக்கிழமை. எழுந்தது 4.50. பால் பாக்கெட் வந்தது 5.20, இரண்டில் ஒன்று ஓட்டை. மோட்டார் போட்டது 5.35, நிறுத்தியது 5.52. ஷேவிங், குளியல். ரத்த அழுத்த மாத்திரை ஒன்று. இட்லி நான்கு. காற்று தோல் தொழிற்சாலைப் பக்கமிருந்து அடித்தது. ஜன்னல் இரண்டையும் மூடினேன். வீட்டை விட்டுக் கிளம்பியது 6.15.

டைரியில் இருப்பதை அப்படியே எடுத்து எழுதியிருக்கிறேன். வருடத்தை மட்டும் விட்டுவிட்டேன். இதில் வருகிறவர்கள் எல்லோரும் இன்னும் சர்வீஸில்தான் இருக்கிறார்கள். எனக்கும் ஓய்வு பெற இன்னும் நாலு வருடம் இருக்கிறது.

வழக்கமாக நான் கிளம்புவது 9.10க்கு. அன்று மூன்று மணி நேரம் முன்னதாகக் கிளம்பியதற்குக் காரணம், அரசாங்கம் எங்களை மலைக்கு அனுப்பியதுதான்.

சென்ற வாரம் எங்கள் ஆபீஸ் ஜெனரேட்டரைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு வாணியம்பாடி வாசகர் ஒருவர், "உங்கள் ஆபீஸில் வேலை என்று ஒன்று எப்போதுதான் நடக்கும்?" என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. கொஞ்சம் பொறுமையாகப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்கிறேன்.

வெளிநாள்

எங்கள் அலுவலகம் ஆம்பூரில், நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது. ஊர் ஊராகப் போய்க் கிணறு, ஆழ்குழாய், மேல்நிலைத் தொட்டி எல்லாவற்றிலிருந்தும் பாட்டிலில் தண்ணீர் பிடித்து வந்து, உப்பு எவ்வளவு, கிருமி உண்டா, குடிக்கலாமா என்று பார்த்துச் சொல்கிற இடம். சுற்றிலும் தோல் பதனிடும் ஊர்கள் என்பதால் பாட்டிலுக்குக் குறைவே கிடையாது. நான் அங்கே கண்காணிப்பாளர். வாய்வழக்கில் சூப்ரண்டு.

தலைமையிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. ஊழியர்களின் முடிவெடுக்கும் திறனை வளர்ப்பதற்காக ஏலகிரியில் ஒரு ரிசார்ட்டில் 'அவே டே' நடக்கும். அனைவரும் தவறாமல் கலந்துகொள்ள வேண்டும். சுற்றறிக்கை ஆங்கிலத்தில் இருந்தது. ஆட்சிமொழித் திட்டப்படி அதைத் தமிழில் சுற்றுக்கு விடுவது என் பொறுப்பு. அரை நாள் யோசித்து 'வெளிநாள் பயிற்சி' என்று எழுதினேன்.

மறுநாள் ஜீப் டிரைவர் ரஹீம் பாய் என் மேஜை முன்னால் வந்து நின்றார்.

"சார், துபாயா சிங்கப்பூரா?"

"எது பாய்?"

"வெளிநாட்டுப் பயிற்சின்னு போர்டுல ஒட்டிக்கீறீங்களே. பாஸ்போர்ட் ஜெராக்ஸ் எடுத்தாந்துட்டேன்."

போர்டில் பார்த்தேன். 'ள்' மேல் பசை வழிந்து, மற்றதை அவரவர் ஆசை நிரப்பிக்கொண்டிருந்தது. ஏலகிரி என்றதும் பாய் ஜெராக்ஸை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "நம்ம ஏலகிரியா? அதுக்கு இன்னாத்துக்கு சார் இவ்ளோ பேஜாரு?"

பேஜார் அதோடு முடியவில்லை. எல்லோரும் ஸ்போர்ட்ஸ் ஷூ அணிந்து வர வேண்டும் என்று சுற்றறிக்கையில் ஒரு வரி. எங்கள் ஊரில் தைத்த ஷூவைப் போட்டுக்கொண்டு கண்காணாத தேசத்தில் எல்லாம் ஓடிக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் ஆபீஸில் ஷூ வைத்திருந்தவர்கள் மூன்று பேர். கடைசியில் பாயின் மச்சான் ஏற்றுமதியில் கழித்துக்கட்டிய ஜோடிகளை ஒரு கோணிப்பை நிறையக் கொண்டுவந்து கொட்டினார். தையல் கோணியது, நிறம் மாறியது, நாக்கு இல்லாதது. எங்கள் அதிகாரிக்குப் பொருந்தியது ஒரே ஒரு ஜோடி. அதன் ஓரத்தில் ரோஜா நிறத்தில் மெல்லிய கோடு ஓடியது. "ஃபாரின்ல ஆம்பளைங்களும் போடுவாங்க சார்" என்று மச்சான் சத்தியம் செய்தார்.

பேசுக

அதிகாரியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பெயர் தணிகாசலம் என்று வைத்துக்கொள்வோம். கெட்ட மனிதர் இல்லை. யாரையும் திட்டமாட்டார், கைநீட்டி ஒரு டீ கூட வாங்கிக் குடிக்கமாட்டார். அவரிடம் ஒரே ஒரு சிக்கல்: கையெழுத்துப் போடமாட்டார்.

அரசு அலுவலகத்தில் வேலை பார்க்காதவர்களுக்காக ஒரு விளக்கம். கோப்பில் கீழே இருப்பவர் குறிப்பு எழுதி மேலே அனுப்புவார். மேலே இருப்பவருக்குச் சந்தேகம் வந்தால் ஓரத்தில் 'பேசுக' என்று எழுதித் திருப்பி அனுப்புவார். அதாவது, நேரில் வந்து பேசு. கீழே இருப்பவர் போய் விளக்குவார். மேலே இருப்பவர் தலையாட்டுவார். கோப்பு மறுபடி மேலே போகும்.

தணிகாசலம் சாரிடம் மறுபடி போனாலும் மறுபடி 'பேசுக'தான். பச்சை மையில், அச்சு மாதிரி அழகான எழுத்து.

நான் சொல்லவரும் கோப்பில் அப்படி ஏழு 'பேசுக' இருந்தது. எட்டு மாதத்தில் ஏழு. ஏழு முறையும் போய்ப் பேசினேன். தேதி, நேரம் டைரியில் இருக்கிறது.

அது கஸ்தூரியின் கோப்பு.

கஸ்தூரி எங்கள் ஆய்வகத்தில் உதவியாளர். பாட்டில் கழுவுவார், கொதிநீரில் போட்டெடுப்பார், கிராமங்களுக்குப் போய்த் தண்ணீர் பிடித்து வருவார், லேபிள் ஒட்டுவார். குடியாத்தத்தில் கைலி நெய்கிற குடும்பம். வீட்டில் விசைத்தறிச் சத்தத்தில் பேசிப் பழகியதால் ஆபீஸிலும் அவர் மெதுவாகப் பேசினால் நாலு அறைக்குக் கேட்கும். தினமும் பாசஞ்சர் ரயிலில் வந்து போவார். பதினான்கு வருடமாக வருகிறார். பதினான்கு வருடமும் தினக்கூலி.

இப்படிப்பட்டவர்களை நிரந்தரம் செய்யப் பட்டியல் கேட்டிருந்தார்கள். அதிகாரி பரிந்துரைத்துக் கையெழுத்திட்டு, வெள்ளிக்கிழமை பகல் பதினொரு மணிக்குள் கோப்பு வேலூர் போய்ச் சேர வேண்டும். இந்தப் பட்டியலை விட்டால் அடுத்தது வரும்போது கஸ்தூரிக்கு வயது வரம்பு தாண்டியிருக்கும். அப்புறம் ஒன்றும் செய்வதற்கில்லை.

வெள்ளிக்கிழமை கெடு. வியாழக்கிழமை மொத்த ஆபீஸும் மலை மேல்.

கஸ்தூரி மட்டும் வரவில்லை. பயிற்சி ஊழியர்களுக்குத்தான், தினக்கூலிக்காரர் அந்தக் கணக்கில் வரமாட்டார். அதனால் ஆபீஸ் சாவி அவரிடம்.

காலை 6.40க்கு நான் போனபோது கேட்டைத் திறந்துகொண்டிருந்தார். முதல் பஸ் பிடித்து வந்திருக்கிறார். உள்ளே போய்க் கோப்பை எடுத்துவந்து, என் தோள்பையில் அவரே வைத்து ஜிப்பை இழுத்து மூடினார்.

"எல்லாரும் டீமு, நான் மட்டும் பூட்டுக்குக் காவலா சார்?"

"நீங்க இருக்கறதாலதான் இன்னிக்கு ஆபீஸ் இருக்கு."

"அப்ப ஒரு டி-ஷர்ட்டாவது குடுங்க." பிறகு குரலைத் தாழ்த்தினார், அதாவது இரண்டு அறைக்கு மட்டும் கேட்கும்படி. "மேல ஏறும்போதே கேட்டுடுங்க சார். மலக்காத்து பட்டா மனசு எளகும்னு சொல்வாங்க."

முன்பு கற்றவை

பஸ் ஏறுவதற்கு முன் ஒரு சின்னச் சுற்று.

என் சர்வீஸில் நான் போன பயிற்சிகளை எல்லாம் டைரியின் பின்பக்கத்தில் எழுதிவைத்திருக்கிறேன். 'காகிதமில்லா அலுவலகம்' என்ற பயிற்சியில் தலைக்கு மூன்று கட்டு அச்சிட்ட காகிதம் கொடுத்தார்கள். தூக்க முடியாமல் ஆட்டோ பிடித்தேன். 'மன அழுத்தம் தவிர்ப்போம்' பயிற்சியில் புரொஜெக்டர் வேலை செய்யவில்லை. வகுப்பு எடுக்க வந்தவருக்குப் படபடப்பு வந்து, நாங்கள்தான் தண்ணீர் தெளித்து உட்காரவைத்தோம். 'நேர மேலாண்மை' பயிற்சி பத்தரைக்குத் தொடங்க வேண்டியது, சிறப்பு விருந்தினர் வராததால் ஒன்றேகாலுக்குக் குத்துவிளக்கு ஏற்றி, நேராகச் சாப்பாட்டுக்கு விட்டார்கள்.

ஒவ்வொன்றின் முடிவிலும் கருத்துப் படிவம் தருவார்கள். 'இந்தப் பயிற்சி உங்களுக்குப் பயன்பட்டதா?' ஆம், மிகவும், மிக மிக என்று மூன்று கட்டம் இருக்கும். நான் 'ஆம்' போடுவேன். இருப்பதில் அதுதான் உண்மைக்குப் பக்கத்தில் இருந்தது.

தவளை

பஸ் 7.15க்குக் கிளம்பியது. சார் முன் சீட்டில். பக்கத்தில் நான், மடியில் கோப்பு. மலையடிவாரம் வரை அவர் செய்தித்தாளில் இருந்தார். மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் கோப்பைத் திறந்தேன். அதே வளைவில் அவர் கண்ணை மூடிக்கொண்டு பிளாஸ்டிக் பையைத் திறந்தார். எதற்கு என்று சொல்ல வேண்டியதில்லை. ஏலகிரிக்குப் பதினான்கு வளைவு.

மேலே போனதும் பயிற்சியாளர் எங்களை ஓடிவந்து வரவேற்றார். சென்னைக்காரர், நிர்மல் என்று பெயர், கன்னத்தில் ஒட்டிய மைக். "ஹலோ சாம்பியன்ஸ்!" என்றார். நாங்கள் யாரைச் சொல்கிறார் என்று திரும்பிப் பார்த்தோம்.

முதல் வேலையாகக் கைப்பேசிகளை எல்லாம் ஒரு பூக்கூடையில் வாங்கிக்கொண்டார். அடுத்தது ஒரு விதி. "இன்னிக்கு இங்க ஆபீஸே கிடையாது! யார் ஆபீஸ் மேட்டர் பேசினாலும் ஒரு தவளை ஜம்ப்!"

டி-ஷர்ட் கொடுத்தார்கள். எல்லாம் ஒரே அளவு. சார் முழுக்கைச் சட்டையின் மேலேயே அதைப் போட்டு, இன் பண்ணி, பெல்ட்டை இறுக்கிக்கொண்டார்.

நான் மூன்று முறை முயன்றேன்.

9.50: காபி வரிசையில் சாருக்குப் பின்னால் நின்று "சார், அந்த கஸ்தூரி ஃபைல்" என்றேன். விசில் அடித்தது. ஒரு தவளை.

10.40: பலூன் ஊதும் போட்டியில் அவர் பலூனுக்கு நூல் கட்டுகிற சாக்கில் குனிந்து "சார், நாளைக்குப் பதினோரு மணி" என்றேன். விசில். இரண்டாவது தவளை. இந்த முறை முழங்காலில் சத்தம் கேட்டது.

11.30: நம்பிக்கை விளையாட்டு. சார் ஒரு மேடையில் திரும்பி நின்று கண்ணை மூடிப் பின்னால் சாய வேண்டும், ஊழியர்கள் கீழே கைகோத்துப் பிடிக்க வேண்டும்.

"விழுங்க சார்! உங்க டீம் இருக்கு!" என்றார் நிர்மல்.

சார் திரும்பிப் பார்த்தார். கீழே நின்ற எட்டுப் பேர் முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். "பேசிட்டு விழறேன்" என்றார்.

அந்த இடைவெளியில் நான் மேடை ஓரம் போய் "ஒரே ஒரு கையெழுத்து சார்" என்றேன். மூன்றாவது தவளை. சார் விழவில்லை, படிக்கட்டு வழியாக இறங்கினார்.

வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த ரஹீம் பாய் என்னைத் தூக்கி நிறுத்தினார். டிரைவர்களுக்குப் பயிற்சி இல்லை. பாய் வந்தது, பஸ்ஸில் பின்னால் ஏற்றிவந்த பிரியாணித் தேக்சாவைப் பாதுகாக்க. ரிசார்ட்டில் சூப்பும் வேகவைத்த காய்கறியும்தான் என்று முன்பே விசாரித்து வைத்திருந்தார்கள் எங்கள் ஆட்கள். வருடம் முழுக்க எந்தக் கோப்பிலும் வராத ஒருமித்த முடிவு அதில் வந்திருந்தது.

பதினோராவது காகிதம்

சாப்பாட்டுக்குப் பிறகு முக்கியமான விளையாட்டு. ஆளுக்கு ஒரு பிளாஸ்டிக் தட்டு, அதில் பத்துக் காகிதம். நிர்மல் விளக்கினார்: "இப்ப நீங்க யாரும் நீங்க இல்ல. ஒவ்வொருத்தரும் கோபால்! ஒரு பொம்மைக் கம்பெனியோட பொது மேலாளர். இன்னும் பத்து நிமிஷத்துல உங்களுக்கு ஃபிளைட். அதுக்குள்ள தட்டுல இருக்கற எல்லாத்துக்கும் முடிவெடுக்கணும். யோசிக்கக் கூடாது! ஃபாஸ்ட்டா முடிக்கறவருக்குக் கப்பு."

தட்டுகளை மேஜைக்கு மேஜை வைக்கும் வேலை எனக்கு. பயிற்சிக்கு ஒருங்கிணைப்பாளர் நான்தான்.

நேரம் 2.40. கோப்பிலிருந்து குறிப்புத் தாளை உருவினேன். சாரின் தட்டில் நாலாவது காகிதத்துக்குக் கீழே செருகினேன். முப்பத்திரண்டு வருட சர்வீஸில் கோப்பிலிருந்து ஒரு தாளை நான் உருவியது அதுதான் முதல் தடவை. நான் நினைத்தது இவ்வளவுதான்: அந்த வேகத்தில் சார் நம் கோப்பு என்று தெரிந்தே போட்டுவிடுவார். கை ஓடும்போது மனசு குறுக்கே வராது.

மணி அடித்தது. சார் பச்சைப் பேனாவைத் திறந்தார்.

நான் பார்த்ததை நானே நம்பவில்லை. முதல் காகிதம், நாலு நொடி. இரண்டாவது, மூன்று நொடி. நாற்காலியில் உட்காரவே இல்லை. ரோஜாக் கோடு போட்ட ஷூவில் நுனிக்காலில் நின்றபடி போட்டுத் தள்ளினார். நெற்றியில் வியர்வை, முகத்தில் சின்னதாகச் சிரிப்பு. பத்து நிமிடம் கொடுத்ததில் ஏழே நிமிடத்தில் கை தூக்கினார். கைதட்டல். கப்பு அவருக்கே.

நிர்மல் அவர் தட்டைப் புரட்டினார். "ஒரு நிமிஷம். இதுல பதினோரு பேப்பர் இருக்கே? நான் பத்துதானே வச்சேன்?"



அவர் அந்தத் தாளை எடுத்துப் படித்தார். முகம் மலர்ந்தது. "யாரு எழுதினது? சூப்பரா இருக்கு! ஃபிரெண்ட்ஸ், கேளுங்க. ஒரு ஆபீஸ்ல ஒருத்தருக்கு வேலை நிரந்தரம் பண்ண ஒரு கையெழுத்து வேணும். அந்த அதிகாரி எட்டு மாசத்துல ஏழு தடவை 'பேசுக'ன்னு எழுதியிருக்கார்! ஏழு தடவை!"

கூடத்தில் முப்பது பேர். முப்பது பேரும் மேஜையைப் பார்த்தார்கள்.

"கொஞ்சம் ஓவர் கற்பனைதான், இப்படி ஒரு ஆபீஸ் இருக்க முடியாது. ஆனா பாயிண்ட் புரியுது. நம்ம சாம்பியன் இதை அஞ்சே நொடியில முடிச்சிருக்கார்! சார், சொல்லுங்க. அந்த அதிகாரியைப் பத்தி என்ன நினைக்கிறீங்க?"

சார் கப்பை மார்போடு அணைத்துக்கொண்டு நிர்மல் நீட்டிய கைமைக்கை வாங்கினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"இந்த மாதிரி ஆளுங்களாலதான் டிபார்ட்மெண்டுக்கே கெட்ட பேரு" என்றார். குரலில் நல்ல கம்பீரம். "ஒரு மனுஷனோட வாழ்க்கை இன்னா விளையாட்டா? அவனைக் கேள்வி கேக்க ஆளு இல்ல, அதான்."

"கரெக்ட்! அதுவும் பாவம், பதினாலு வருஷமா பாட்டில் கழுவற ஒரு லேடி. பேரு... கஸ்தூரி."

சார் மைக்கைக் கீழே இறக்கினார். தாளை வாங்கிப் பார்த்தார். வாசல் பக்கமிருந்து ரஹீம் பாய் "யா அல்லா" என்றது எல்லோருக்கும் கேட்டது.

எவ்வளவு நேரம் அப்படி நின்றார் என்று கடிகாரத்தைப் பார்க்கவில்லை. டைரியில் அந்த இடம் காலியாக இருக்கிறது.

நிர்மல் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டார். "இதை அடுத்த பேட்ச்சுக்கும் வச்சுக்கறேன். எல்லா பேப்பரும் மதிப்பீட்டுக்குச் சென்னை போகுது."

நான் எழுந்து, அது அரசுக் கோப்பின் பக்கம், பக்க எண் பதினேழு, எங்கும் போகக் கூடாது என்றேன். அவர் கைதட்டினார். "பாருங்க, இவர் இன்னும் கேரக்டர்லயே இருக்கார்!"

"அதை அவருகிட்ட குடுங்க" என்றார் சார். மைக் இல்லாமல்.

தாள் என் கைக்கு வந்தது. ஏழாவது 'பேசுக'வுக்குக் கீழே, அதே பச்சை மை, அதே அழகான எழுத்து: 'ஒப்புதல் அளிக்கப்படுகிறது. உடன் அனுப்புக.' அதற்குக் கீழே கையெழுத்து.

கோபால், பொது மேலாளர்.

இறக்கம்

பஸ் 4.35க்குக் கிளம்பியது. நான் கடைசி சீட்டில் உட்கார்ந்தேன். உலகத்தில் இல்லாத ஓர் ஆள், இல்லாத ஒரு பொம்மைக் கம்பெனியின் பேரில், எங்கள் கோப்பில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். தாளைக் கிழிக்க முடியாது, பக்க எண் போட்டது. இந்த நிலையில் வேலூருக்கு அனுப்பினால் கஸ்தூரியின் பெயரோடு சேர்த்து என் பெயரையும் அடிப்பார்கள். மூன்று தவளையைவிட அதுதான் வலித்தது: எட்டு மாதம் வெறுமனே தள்ளிப்போட்ட கோப்பை நான் கெடுத்தே விட்டேன்.

இரண்டாவது வளைவில் முன்னாலிருந்து குரல் வந்தது. "சூப்ரண்டு, இங்க வாங்க."

போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். இறங்கும்போது அவருக்கு வாந்தி வரவில்லை.

"எப்ப வச்சீங்க?"

"2.40 சார்."

"தப்புன்னு தெரியும் இல்ல?"

"தெரியும் சார். மெமோ குடுங்க, வாங்கிக்கிறேன்."

இரண்டு வளைவு போயிற்று. பிறகு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார். சர்வீஸில் சேர்ந்த புதிதில் ஒரு குழாய்க் கோப்பு வந்ததாம். ஊரில் தண்ணீர் இல்லை, அவசரம் என்றார்கள். வந்த அன்றே கையெழுத்துப் போட்டாராம். குழாயில் ஏதோ குறை. குற்றச்சாட்டுக் குறிப்பாணை வந்தது. விசாரணை ஆறு வருடம். கூடச் சேர்ந்தவர்கள் எல்லோரும் இரண்டு படி மேலே போய்விட்டார்கள். கடைசியில் தவறு இல்லை என்று ஒரே வரியில் ஒரு கடிதம்.

"அன்னிலேர்ந்து பேனாவைத் தெறந்தா கை தானா பேசுகன்னுதான்யா எழுதுது."

"இன்னிக்கு எழுதலையே சார்."

"அது நானா? கோபாலு." கொஞ்சம் சிரித்தார். "அவனுக்கு இன்னா, ஆடிட்டா, விசாரணையா, பென்ஷனா? ஒண்ணும் கெடையாது. அதான் தைரியமா போட்டுட்டுப் போய்ட்டான்."

"கஸ்தூரிக்கும் பென்ஷன் கிடையாது சார்" என்றேன்.

யோசித்துச் சொன்னதில்லை. வாயில் வந்துவிட்டது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.  மீதி வளைவுகளில் கப்பு அவர் மடியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருண்டுகொண்டிருந்தது.

ஆபீஸ் வந்து சேர்ந்தது 6.20. ஆய்வகத்தில் விளக்கு எரிந்தது. கஸ்தூரி ஒரு தாளோடு வெளியே வந்தார். சார் இறங்கும்போதே எதிரில் நின்று ஒப்பித்தார்.

"சார், பத்தொன்பது பாட்டில் வந்துச்சு, லேபிள் ஒட்டி ஃப்ரிட்ஜ்ல வச்சிட்டேன். பள்ளிகொண்டா பக்கத்துலேர்ந்து ஒரு அம்மா போன் பண்ணி, தொட்டித் தண்ணி நாத்தம் அடிக்குதுன்னு அழுதாங்க. மலைக்குப் போன நம்ம இன்ஜினியர் சார் போன் ஆஃப்ல இருந்துச்சு. நானே போய்ப் புடிச்சாந்துட்டேன். கொதிக்கவச்சுக் குடிங்கன்னு ஊர்ல சொல்லிட்டு வந்தேன். சொன்னது தப்பா சார்?"

"இல்லம்மா" என்றார் சார். தாளை வாங்கிக்கொண்டு காரில் ஏறிப் போய்விட்டார்.

கஸ்தூரி என் பக்கம் திரும்பினார். "இன்னா சார், போட்டாரா?"

"போட்டிருக்கார். ஆனா அவர் போடலை."

"மலையில ஏதாச்சும் குடுத்துட்டாங்களா சார் உங்களுக்கு?"

 அவர் என் முகத்தையே பார்த்தார். பிறகு கைப்பையை எடுத்து மாட்டிக்கொண்டார். இந்த முறை எனக்கே சரியாகக் கேட்காத குரலில், "நாளைக்குப் பதினோரு மணி வரைக்கும் இருக்குல்ல சார்" என்று சொல்லிவிட்டு ஸ்டேஷன் பக்கம் நடந்தார்.

வெள்ளிக்கிழமை, முதல் வேலை

எழுந்தது 4.50 என்று எழுத வேண்டும், தூங்கினால்தானே எழுவதற்கு. ஆபீஸ் போனது 8.45.

சாரின் அறை திறந்திருந்தது. பதினொன்றுக்கு முன்னால் அந்தக் கதவு திறந்து நான் பார்த்ததில்லை. உள்ளே அவர் உட்கார்ந்திருந்தார். மேஜை மேல் கஸ்தூரி எழுதிக் கொடுத்த தாள், பேப்பர் வெயிட்டுக்கு அடியில். எதிரில், கைப்பையைக் கூடக் கழற்றாமல், கஸ்தூரி.

"ஃபைலை எடுங்க" என்றார் என்னிடம்.

பதினேழாம் பக்கத்தைத் திறந்து வைத்தேன். கோபாலின் கையெழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பேனா மூடியைத் திறந்தார், மூடினார், திறந்தார்.

"ஏன்யா, நடந்து முடிஞ்சதுக்கு அப்புறம் ஒப்புதல் குடுக்கறதுக்குத் தமிழ்ல ஒரு வார்த்தை உண்டே?"

"பின்னேற்பு சார்."

குனிந்து எழுதினார்.  எழுத்து வழக்கமான அழகில் இல்லை. 'மேற்கண்ட ஒப்புதலுக்குப் பின்னேற்பு அளிக்கப்படுகிறது. பணியாளரை நிரந்தரம் செய்யப் பரிந்துரைக்கிறேன்.' கீழே அவருடைய சொந்தக் கையெழுத்து, பெயர், பதவி, தேதி. எழுதி முடித்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்து, நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

நான் முத்திரை வைத்து, அனுப்புகைப் பதிவேட்டில் எண் போட்டேன். நேரம் 9.05. தனி ஆள் மூலம் அனுப்ப வேண்டும். அந்த ஆளின் பெயர் என்று கேட்கிற இடத்தில் 'கஸ்தூரி' என்று எழுதி, அவரிடமே கையெழுத்து வாங்கினேன். வெளியே ரஹீம் பாய் ஜீப்பை எடுத்துத் தயாராக வைத்திருந்தார்.

கஸ்தூரி கோப்பை நெஞ்சோடு சேர்த்து வாங்கினார். வாசல் வரை போனவர் நின்று, திறந்து பார்த்தார். பதினான்கு வருடத்தில் தன்னுடைய கோப்பை அவர் பார்ப்பது அதுதான் முதல் தடவை. வரி வரியாக விரல் வைத்துப் படித்தார். கடைசிக் குறிப்புக்கு மேலே இருந்த கையெழுத்தில் விரல் நின்றது.

"சார், யாரு சார் இந்தக் கோபாலு?"

நான் சாரைப் பார்த்தேன். சார் ஜன்னலைப் பார்த்தார்.

"நல்ல ஆபீசரும்மா" என்றார். "ஒரே ஒரு நாள்தான் இருந்தாரு. மாத்தல் ஆகிப் போய்ட்டாரு."